அனுப்பிய பணம் எங்கே போனது: ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தின் ஒரு வருடம்

ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், கூடவே சில வருடங்களாக ஸ்காலர்ஷிப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ எல்லாத் தாளும் சரியாக இருந்தும் பணம் மட்டும் வராமல் போகும், எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருப்போம், படிப்பு முடிந்துவிடும். இந்த ஒரு நிகழ்வில் கடைசிவரை போய்ப் பார்க்க முடிந்தது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்காக அலையும் பெற்றோரும் படித்தால் போதும். மாணவியின் பெயர், ஊர், கல்லூரி எதையும் எழுதவில்லை.

பின்னணி

மாணவி 2024 ஜூனில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதல் வருடம் சேர்ந்தாள். பட்டியல் சாதிக் குடும்பம். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள்தான்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் இவளுக்குக் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அவள் சேர்ந்தபோது இருந்த விதி. இவள் ஆறும் ஏழும் அத்தை வீட்டில் தங்கி அங்கே இருந்த ஒரு தனியார் பள்ளியில் படித்தவள், எட்டாம் வகுப்பில்தான் ஊருக்கு வந்தாள். அந்த இரண்டு வருடத்துக்காக இது போய்விட்டது. அதனால் இவளுக்கு மிச்சம் இருந்த ஒரே வழி, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்தான்.

அந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு புரியாது. 1944-ல் தொடங்கிய பழைய திட்டம் இது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு, திருப்பித் தராத கட்டாயக் கட்டணங்களும் அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு கல்விப் படியும் கிடைக்கும். 2021-ல் வந்த புதிய நெறிமுறைப்படி செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. மாநிலப் பங்கு முதலில் போகும், அது போனது உறுதியான பிறகு மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகும். பி.எஸ்சி. போன்ற சாதாரணப் பட்டப்படிப்பில் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவருக்குக் கல்விப் படி வருடத்துக்கு 3,000 ரூபாய், விடுதியில் தங்கினால் 6,000. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்பது 2012-ல் வந்த அரசாணை 92-ன்படி. பிள்ளைகள் இந்த உதவித்தொகையையே 'ஜி.ஓ. 92' என்றுதான் சொல்வார்கள்.

இந்த மாணவியின் கணக்கு இது: கட்டணமாகக் கிடைக்க வேண்டியது 14,000, கல்விப் படி 3,000, மொத்தம் 17,000. அதில் மாநிலப் பங்கு 6,800, மத்தியப் பங்கு 10,200. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கையின்போது பார்த்தது

அப்பா எல்லாத் தாளையும் ஒரு பழைய ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தார். ஜெராக்ஸ் எடுத்ததையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போன பக்கங்கள், மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய சாதிச் சான்று. அது கையால் எழுதிய பழைய அட்டைச் சான்று. உதவித்தொகை விண்ணப்பத் தளத்தில் கேட்பதோ இ-சேவையில் வாங்கிய, எண்ணோடு இருக்கும் சான்று. பழைய அட்டை செல்லாது என்று அர்த்தமில்லை, ஆனால் விண்ணப்பத்தில் எண் போடும் கட்டம் காலியாக இருந்தால் அது நகராது. அதனால் முதல் வாரமே இ-சேவை மையத்துக்கு அனுப்பினேன். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் தலா 60 ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து மூன்று வாரத்தில் இரண்டும் வந்தன. இதில் பெரிய சிரமம் இல்லை.

சிரமம் பெயரில் இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் அவள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் இனிஷியல் கிடையாது, பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, அதுவும் 'ராசு' என்று முடிகிறது. புதிதாக வாங்கிய வருமானச் சான்றில் அதே அப்பா பெயர் 'ராஜ்' என்று முடிகிறது. நம் ஊரில் இது எல்லா வீட்டிலும் இருக்கிற விஷயம்தான், அப்பாவை ஊரில் ஒரு மாதிரி கூப்பிடுவார்கள், ரேஷன் கார்டில் ஒரு மாதிரி எழுதுவார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு ராசு வேறு ஆள், ராஜ் வேறு ஆள்.

இன்னொன்று, ஆதாரில் இருந்த செல்போன் எண் அவளுடைய சித்தப்பாவுடையது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டார். ஓடிபி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

முதல் முடிவு: எதைத் திருத்துவது

மூன்று தாளில் மூன்று விதமாகப் பெயர் இருந்தால் எதை மற்றதற்கு ஏற்ப மாற்றுவது என்ற கேள்வி வரும். இ-சேவை மையத்தில் இருந்த தம்பி, வருமானச் சான்றை ஆதாருக்கு ஏற்ப மாற்றிவிடலாம், சீக்கிரம் முடியும் என்றார். அது நிஜம், சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மதிப்பெண் சான்றைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும் என்று சொன்னேன், காரணம் அதுதான் மாற்றுவதற்கு மிகக் கடினமானது, வேலைக்குப் போகும்போதும் அதைத்தான் கேட்பார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். இன்றைக்கு அவசரத்தில் ஏதோ ஒன்றுக்கு ஏற்ப மாற்றிவிட்டு நாளைக்கு மறுபடி மாற்றினால் அந்த இரண்டும் தீர்ந்துவிடும்.

அதனால் ஆகஸ்டில் ஆதார் மையத்துக்குப் போய்ப் பெயரை மதிப்பெண் சான்றில் உள்ளபடி மாற்றக் கொடுத்தார்கள். அதே நாளில் செல்போன் எண்ணையும் அவளுடைய சொந்த எண்ணாக மாற்றினார்கள். 50 ரூபாய் கட்டணம், அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. வருமானச் சான்றில் அப்பா பெயரையும் திருத்தி வாங்கினோம். ஆதாரில் பெயர் மாறி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. காத்திருக்கும்போது பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். செல்போன் எண்ணை அன்றே மாற்றியதுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது, அன்று அது தெரியாது.

விண்ணப்பித்த நாட்கள், என் தவறு

தீபாவளி முடிந்து விண்ணப்பத்தைப் போட்டோம். கல்லூரி மாணவர்களுக்கு மாநில அரசு தரும் யூமிஸ் பதிவு எண் தயாராக இருந்தது, ஆதார் ஓடிபி அவள் போனுக்கே வந்தது, சான்று எண்களைப் போட்டதும் விவரங்கள் தானாக வந்து விழுந்தன. பெயர் ஒத்துப்போனது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வங்கி விவரம் போடும் இடத்தில்தான் நான் தவறினேன். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொதுத்துறை வங்கியில் அவளுக்குக் கணக்கு இருந்தது. ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டேன். வங்கியில் கேட்டுவிட்டு வந்தேன், லிங்க் ஆகியிருக்கு என்றாள். பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸில் வங்கிக்காரர் நீல மையில் அப்படியே எழுதி முத்திரையும் போட்டிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லூரி அளவில் சரிபார்த்து மேலே அனுப்பிவிட்டேன்.

அந்த முத்திரை பொய் இல்லை. அவருடைய வங்கியில் அவள் கணக்கோடு ஆதார் எண் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அரசுப் பணம் போக அது மட்டும் போதாது. ஒருவர் எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் ஆதார் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கலாம். ஆதார் வழியாக அனுப்பும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்பது, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் வைத்திருக்கும் ஒரு பட்டியலில் தனியாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேராக ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக எது பதிவானதோ அது. விண்ணப்பத்தில் நாம் கஷ்டப்பட்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துப் போடும் கணக்கு எண்ணை ஆதார் வழிப் பணம் பார்ப்பதே இல்லை. இந்த வித்தியாசம் எனக்குக் கேள்விப்பட்ட அளவில் தெரியும். ஆனால் அதை ஒரு சரிபார்க்கும் வேலையாக நான் ஒரு நாளும் செய்ததில்லை.

நவம்பரில் ஹால் டிக்கெட்

நவம்பர் செமஸ்டர் தேர்வு வந்தது. கட்டணம் கட்டாதவர்களுக்கு ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டது, அதில் உதவித்தொகைக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அலுவலகத்தில் போய்ப் பேசினேன். இந்தப் பிள்ளைகளின் கட்டணம் அரசு தர வேண்டியது, அது தாமதமானால் அதற்குப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டேன். வாக்குவாதம் ஆனது. கடைசியில், பணம் வந்ததும் கட்டிவிடுவதாகப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விடலாம் என்றார்கள்.

அப்பா மறுநாள் வந்தார். வெள்ளைத் தாளில் மகள் எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்திப் பிடித்து. விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. "இதுல எதுவும் தப்பா எழுதலியே மேடம்" என்று என்னைக் கேட்டார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. தேர்வு எழுதினாள். ஆனால் ஹால் டிக்கெட் கையில் கிடைத்தது தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு. அந்த வாரம் முழுக்க அவள் படித்திருப்பாளா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் வராத வாரங்கள்

மார்ச்சில் அவள் வகுப்பிலேயே வேறு பிள்ளைகளுக்கு மாநிலப் பங்கு வந்தது. இவளுக்கு வரவில்லை. தளத்தில் பார்த்தால் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறது, எங்கேயும் நிராகரிப்பு இல்லை.

இனி அப்பா அலைந்தது. வங்கிக்கு மூன்று முறை போனார். முதல் முறை பாஸ்புக் என்ட்ரி போடும் மெஷின் பழுது. இரண்டாம் முறை என்ட்ரி போட்டார்கள், எதுவும் வரவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, ஆதார் லிங்க் ஆயிருக்கு, காலேஜ்ல போய்க் கேளுங்க" என்றார்கள். கல்லூரியில் என்னைக் கேட்டார். நான் தளத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்கலாம் என்றேன். அங்கேயும் ஒரு நாள் போனார். அவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பியாகிவிட்டது என்றார்கள், வங்கியில் கேட்கச் சொன்னார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. மூன்று இடத்திலும் அவரவர் திரையில் தெரிந்ததைச் சொன்னார்கள். ஆதார் மையத்துக்குப் போனதையும் சேர்த்து அவர் வேலைக்குப் போகாத நாட்கள் ஐந்து. நாள் கூலி 900 ரூபாய். ஒரு வருடக் கல்விப் படி 3,000 ரூபாய்க்காக அவர் அதுவரை இழந்த கூலி 4,500. இந்தக் கணக்கை அவர் சொல்லவில்லை, நான்தான் பிறகு போட்டுப் பார்த்தேன்.

அம்மா சொன்ன வார்த்தை

ஏப்ரலில் ஒரு நாள் அப்பாவுக்குப் பதில் அம்மா வந்தார். நான் வழக்கம்போலத் தளத்தைத் திறந்து காட்டி, பணம் அனுப்பியாகிவிட்டது என்றுதான் இருக்கிறது, ஏன் வரவில்லை என்று தெரியவில்லையம்மா என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் நூறு நாள் வேலைக் காசு இப்படித்தான் மேடம் ரெண்டு மாசம் வரல. அப்புறம் பார்த்தா வேற பேங்குல கிடந்துச்சு. குழுக் கடன் வாங்குறப்போ அங்க ஆதார் குடுத்திருந்தேன், அதுக்குப் போயிடுச்சு."

நூறு நாள் வேலைக் கூலி 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயமாகிவிட்டது. அந்த மாற்றத்தில் ஊர்ப் பெண்கள் பலர் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை, எம்.ஃபில். முடித்து ஸ்காலர்ஷிப் பொறுப்பில் இருக்கும் நான் அதுவரை கேட்கவே இல்லை. அன்றைக்கு அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் இந்த நிகழ்வும் மற்றவை போலத்தான் முடிந்திருக்கும்.

உடனே மாணவியை வகுப்பிலிருந்து வரச் சொன்னேன். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் அவள் ஆதார் எண்ணைப் போட்டு, போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டு உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும், ஆதார் வழிப் பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று காட்டும் பக்கம் அது. அதைத் தொட்டோம். ஆதாரின் கடைசி நான்கு எண், வங்கியின் பெயர், செயலில் இருக்கிறது என்ற வரி, பதிவான தேதி. வங்கியின் பெயர் வேறு. அவள் பாஸ்புக் வைத்திருக்கும் வங்கி இல்லை, ஒரு பேமென்ட்ஸ் பேங்க், அதாவது கடன் தராமல் சிறு கணக்குகளும் பணப் பரிமாற்றமும் மட்டும் நடத்தும் வங்கி. தேதி அவள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது.

"எனக்கு இதுல அக்கவுண்ட்டே இல்ல மேம்" என்றாள். தேதியைக் காட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் கடைத்தெருவில் ஒரு ரீசார்ஜ் கடையில் சிம் வாங்கினாள். கடைக்காரர் இரண்டு முறை விரல் வைக்கச் சொன்னார். ஒரு முறை சிம்முக்கு. இன்னொரு முறை எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த சிம் எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த எண்ணுக்கு ஏதாவது குறுஞ்செய்தி வந்திருந்தாலும் அவள் பார்த்திருக்க முடியாது.

எடுத்த முடிவுகள்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி வங்கி விவரத்தை மாற்றுவது முதல் வழி. உடன் வேலை செய்யும் ஒருவர் இதைத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். விண்ணப்பத்தில் இருந்த கணக்கு எண்ணில் தவறே இல்லை, அதை மாற்றி எதுவும் ஆகாது. ஏற்கப்பட்ட விண்ணப்பத்தைத் திரும்பக் கல்லூரி அளவுக்கு இறக்கினால் மத்தியப் பங்கு போகும் வரிசையிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடக்கூடும்.

அந்த பேமென்ட்ஸ் பேங்க் கணக்கை மூடச் சொல்லி எழுதுவது இரண்டாவது. அவள் அப்பாவுக்கு வந்த கோபத்தில் அதைத்தான் செய்யச் சொன்னார், அவர் கோபம் நியாயம்தான். ஆனால் உள்ளே பணம் கிடக்கும் கணக்கை, தொலைந்த சிம்மோடு, பக்கத்தில் கிளையே இல்லாத வங்கியில் மூடப் போனால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகுமோ.

அதனால் முதலில் பணத்தை எடுப்பது, அதே வாரம் பட்டியலில் வங்கியை மாற்றுவது, கணக்கை மூடுவதைக் கடைசியாக வைப்பது என்று முடிவு செய்தோம். மாற்றுவதில் மட்டும் தாமதிக்கக் கூடாது என்று நினைத்தேன். மத்தியப் பங்கு 10,200 எந்த நாளும் கிளம்பலாம், கிளம்பும் நாளில் பட்டியலில் எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போய் விழும்.

பணம் எடுப்பது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. ஆதார் வழியாகப் பணம் எடுக்க அந்த வங்கியின் கிளையோ, ஏடிஎம் கார்டோ, தொலைந்த சிம்மோ வேண்டாம். ஊரில் வங்கி முகவராக இருக்கும் அக்காவிடம் கைமெஷின் இருந்தது. வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண்ணைப் போட்டு, விரல் வைத்தால் போதும். முதலில் இருப்பு மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். மெஷினிலிருந்து வந்த துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். மங்கிய எழுத்தில் இருப்பு 6,800.

ஒரு பைசா கூடவோ குறையவோ இல்லை. மாநிலப் பங்கு அப்படியே கிடந்தது, மார்ச்சிலிருந்து. ஒரு முறைக்கு 10,000 வரை எடுக்கலாம் என்பதால் ஒரே தடவையில் எடுத்துவிட்டாள்.

பட்டியலில் வங்கியை மாற்ற மறுநாள் நானும் அவளோடு வங்கிக்குப் போனேன். முன்பு அப்பா மூன்று முறை போன அதே கவுண்ட்டர்தான். இந்த முறை 'ஆதார் லிங்க் ஆகியிருக்கா' என்று கேட்கவில்லை. 'அரசுப் பணம் வேறு வங்கிக்குப் போகிறது, அதை இந்தக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அதற்கான டிபிடி படிவம் கொடுங்கள்' என்று கேட்டோம். டிபிடி என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது. கவுண்ட்டரில் இருந்தவர் உடனே எடுத்துக் கொடுத்தார். அந்தப் படிவத்தில் ஏற்கெனவே எந்த வங்கியில் இருக்கிறது, அங்கிருந்து இங்கே மாற்றச் சம்மதிக்கிறேன் என்று எழுத ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நிரப்பாமல் விட்டால் வெறும் ஆதார் இணைப்பு விண்ணப்பமாக அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அந்த வரியில் பேமென்ட்ஸ் பேங்க் பெயரை அவளே எழுதினாள். கேட்கிற கேள்வி மாறியதும் அதே மனிதர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்.

நான்காம் நாள் மைஆதாரில் பார்த்தோம், வங்கியின் பெயர் மாறியிருந்தது.

பிறகு நடந்தது

ஜூன் முதல் வாரம் 10,200 ரூபாய் அவளுடைய கணக்கில் வந்தது. அவள் போனில் வந்த குறுஞ்செய்தியை எனக்கு அனுப்பினாள், வேறு எதுவும் எழுதவில்லை.

கட்டணம் 14,000 கல்லூரியில் கட்டியாகிவிட்டது. மீதி 3,000-ல் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் போக, மிச்சத்தை அம்மா குழுக் கடனுக்குக் கட்டினார். பேமென்ட்ஸ் பேங்க் கணக்கை மூடுவதற்குக் கொடுத்த விண்ணப்பம் இதை எழுதும்போதும் முடியவில்லை, அதில் இப்போது ஒன்றும் இல்லை என்பதால் நாங்களும் அவசரப்படவில்லை.

ஏப்ரல் தேர்வுக்கும் ஹால் டிக்கெட்டுக்காக ஒரு முறை போய்ப் பேச வேண்டியிருந்தது. அதில் எந்த மாற்றமும் நடக்கவில்லை, இன்னும் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் முன்கூட்டிக் கட்டணம் கேட்காமல் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே 2021 நெறிமுறையில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஓர் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் காட்டிப் பேசுகிறேன், கேட்டுக்கொள்கிறார்கள், அடுத்த செமஸ்டர் மறுபடி பட்டியலில் பெயர் வருகிறது. இதில் நான் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் செமஸ்டரில் அவளுக்கு ஒரு தாள் அரியர். கணிதம். ஹால் டிக்கெட் முந்தின நாள் மாலைதான் கையில் கிடைத்த தேர்வு. இரண்டாம் செமஸ்டரில் அதையும் எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டாள்.

மாற்றிக்கொண்டது

2025 சேர்க்கையில் எங்கள் மேசையில் ஒரு வேலையைக் கூடுதலாகச் சேர்த்தேன். சான்றிதழ் பார்ப்பதற்கு முன்பே மாணவரின் போனை எடுத்து மைஆதாரில் போய், பேங்க் சீடிங் ஸ்டேட்டஸைத் திறந்து, திரையில் வரும் வங்கியின் பெயரை ஒரு நோட்டில் எழுதுகிறோம். பக்கத்துக் கட்டத்தில் கையில் இருக்கும் பாஸ்புக்கின் வங்கி. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் சிவப்பு மையில் வட்டம். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. ஓடிபி வராதவர்கள்தான் முதலில் சிக்குகிறார்கள், அவர்களை அன்றைக்கே ஆதார் மையத்துக்கு அனுப்பிவிடுகிறோம், எண் மாறாமல் அடுத்த எதுவும் நடக்காது. சிவப்பு வட்டம் விழுந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வங்கியில் கணக்கு இருப்பதே தெரியவில்லை, சிலருக்கு ஊரில் முகாம் போட்டுத் திறந்தது, சிலருக்கு இவளைப் போலக் கடையில் விரல் வைத்தது.

பாஸ்புக் ஜெராக்ஸில் வங்கி முத்திரை வாங்கி வரச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அதற்காக ஒரு குடும்பம் ஒரு நாள் கூலியை இழப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் மாற்றினேன். பணம் வரவில்லை என்று யாராவது வந்தால் முன்பு தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புவேன். இப்போது அவர்களை உட்காரவைத்து, வீட்டில் யாருக்காவது கேஸ் மானியம், நூறு நாள் கூலி, முதியோர் பென்ஷன் இப்படி ஏதாவது இதுபோல நின்றிருக்கிறதா, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறேன். நிறைய வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்திருக்கிறார்கள்.

திரும்ப இதே நிகழ்வு வந்தால் நவம்பரிலேயே நான் வேறு மாதிரி செய்திருப்பேன். எழுதிக் கொடுக்கச் சொல்லி அப்பாவை வரவழைத்த அன்றே அந்தத் திரையைத் திறந்திருப்பேன், அதற்குத் தேவையான போன் எண் ஆகஸ்டிலிருந்தே அவள் கையில் இருந்தது. மார்ச்சிலிருந்து ஏப்ரல்வரை அந்த மனிதர் அலைந்த நான்கு நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

கட்டணம் கட்டிய ரசீதைக் காட்டி, நவம்பரில் அவர் எழுதிக் கொடுத்த தாளை அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்து வாங்கினேன். இரண்டாம் வருடக் கல்லூரி திறந்த அன்று அதை மாணவியிடம் கொடுத்து, அப்பாவிடம் கொடுத்துவிடும்மா என்றேன். இரண்டாம் வருடப் புதுப்பித்தலுக்கான விண்ணப்பத்தை இந்த முறை அவளே போட்டாள், முதலில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு.